நெல் பக்கமும் விளம்பரக் கட்டமும்

12 ஜூன் 2024, புதன்

மேட்டூர் அணை இன்று திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. மன்னார்குடியைச் சுற்றிலும் பம்புசெட் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சம்பாவை நம்பி வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பாவுக்கு விதை தேடும் கூட்டம் என் தளத்துக்கு வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் தளத்தை அடியோடு பிரித்துக் கட்டிவிடப்போகிறேன். நாட்டு நெல் வகைகளைப் பற்றி 4 ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த 62 பக்கங்கள் இருக்கின்றன. வயது எத்தனை நாள், எவ்வளவு உயரம் வளரும், எந்த மண்ணில் நிற்கும், விதை யாரிடம் கிடைக்கும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். தளத்தின் ஆண்டுச் செலவு ஐயாயிரம் ரூபாய் டிடிபி கடை வருமானத்திலிருந்து போகிறது. அதையாவது தளமே சம்பாதிக்கட்டும் என்றுதான் டிசம்பரில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டேன். இதுவரை கணக்கில் ஏறியிருப்பது 8 டாலர் 40 சென்ட்.

15 ஜூன், சனி

கடைக் கணினியில் பார்த்தால் என் தளம் அழகாகத்தான் இருக்கிறது. அதைத் தேடி வருபவர்கள் கணினியில் பார்ப்பதில்லை. இன்று மனைவியின் பழைய கைபேசியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். அங்கே சிக்னல் குறைவு. வயல்காட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

மாப்பிள்ளைச் சம்பா பக்கத்தைத் திறந்தேன். முதலில் தலைப்பு வந்தது. அடுத்து முழுத் திரைக்கும் ஒரு வெள்ளைக் கட்டம். அது கடன் விளம்பரமாக மாறியது. படிக்கத் தொடங்கி இரண்டு வரி போவதற்குள் இன்னொரு விளம்பரம் நடுவில் புகுந்து எழுத்தைக் கீழே தள்ளியது. நான் சுட்டிய இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது. நெல்லின் வயது 160 நாள் என்ற தகவலுக்கு வர ஐந்து முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது.

இதை நான்தான் செய்திருக்கிறேன். விளம்பரம் எங்கே வரவேண்டும் என்பதை ஆட்டோ ஆட்ஸ் என்ற வசதியிடம் விட்டுவிட்டேன். பக்கத்தில் இடம் கண்ட இடத்திலெல்லாம் அதுவே விளம்பரத்தை நுழைத்துக்கொள்ளும். இன்றிரவே அதை நிறுத்திவிட்டேன். இனி எந்தக் கட்டம் எங்கே என்பதை என் கையால் வைக்கிறேன்.

19 ஜூன், புதன்

இன்று முழுக்க எழுத்துரு வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் தமிழுக்கு இப்போது நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரான், பவனம், மீரா இனிமை, கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நான் கடை வைத்தபோது எழுத்துருவுக்கு ஃபிளாப்பியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு அலைந்தேன். இன்று மன்னார்குடியில் உட்கார்ந்தபடி பத்து எழுத்துருவை ஒரே சொற்றொடரில் வைத்துப் பார்க்கிறேன்.

ஆசை வேறு, தேவை வேறு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. தளத்திலிருந்து தனியாக ஓர் எழுத்துருவை இறக்கச் சொன்னால் அந்தச் சுமை வாசகரின் டேட்டாவில்தான் விழும். பத்திகளின் எழுத்துக்குக் கைபேசியில் இருப்பதையே எடுத்துக்கொண்டு, தலைப்புக்கு மட்டும் முக்த மலரை வைத்தேன்.

ஆங்கிலத்துக்கு எழுதிய வடிவமைப்பு வார்ப்புகளை அப்படியே தமிழுக்குப் போடக்கூடாது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி குறைந்தால் மேல் வரியில் இருக்கும் 'து', 'று' ஆகியவற்றின் வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைத்தேன், மூச்சு விடுகிறது. இரு பக்கமும் ஒட்டி வரியை நிரப்பச் சொன்னால் நம் நீளச் சொற்களால் நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். அச்சில் சொல்லை உடைத்துச் சமாளிப்போம். கைபேசியில் இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுவதுதான் சரி. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. உலாவி செயற்கையாகச் சாய்த்துக் காட்டும் தமிழைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. அதை முழுவதும் எடுத்துவிட்டேன்.

23 ஜூன், ஞாயிறு

பழைய குறிப்புகளில் 11 குறிப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோட் எனும் ஒருங்குறிக்கு மாற்றினேன். பாமினியில் இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும் ஆங்கில எழுத்துதான், எந்தத் தேடுபொறியும் அதைத் தமிழ் என்று அறியாது. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். 'ொ', 'ோ' இரண்டும்தான் அதிகம் உடைகின்றன. மாலை வரை அந்த வேலை.

27 ஜூன், வியாழன்

கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தொலைபேசி அழைப்பு. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். குழியடிச்சான் நெல்லைப் பற்றிய பக்கத்தில் இருக்கும் என் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார். உப்பு ஏறிய நிலம், மற்ற நெல் நிற்காது, குழியடிச்சான்தான் தாங்கும் என்று அவருக்கே தெரியும். சாகுபடி அட்டவணைதான் தேவை.

"தம்பி, பதிவிறக்கு என்று போட்டிருந்தீர்கள். அழுத்தினேன். ஏதோ ஒரு செயலி வந்து உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து கைபேசி ஓயாமல் மணி அடிக்கிறது. அட்டவணை எங்கே?" என்றார். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் பதிவிறக்கப் பொத்தான் பச்சை. அதற்கு அரை விரல் மேலே ஒரு விளம்பரம், அதிலும் பச்சைப் பொத்தான், அதிலும் பதிவிறக்கு என்று எழுதியிருந்தது. ஆட்டோ ஆட்ஸை நிறுத்திய பிறகு அந்தக் கட்டத்தை அங்கே வைத்தது நானே. அந்த இடத்தில் வருமானம் அதிகம் என்று கணக்கில் பார்த்திருந்தேன். ஏன் அதிகம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

செயலியை எப்படி எடுப்பது என்று அவருக்குப் படிப்படியாகச் சொன்னேன். அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கால் மணி நேரம் ஆனது. வைக்கும்போது, "பேரன் இருந்தால் எனக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது" என்றார்.

28 ஜூன், வெள்ளி

தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் ஆட்சென்ஸ் விதிகளை முதலிலிருந்து படித்தேன். பொத்தான், மெனு பட்டி, பதிவிறக்க இணைப்பு ஆகியவற்றோடு விளம்பரத்தை ஒட்டி வைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. விளம்பரத்துக்கு மேலே தலைப்பு போட்டால் அது விளம்பரம்தான் என்பதைத் தலைப்பே சொல்ல வேண்டும். விதிக்குப் பயந்து மட்டும் நான் இதைச் செய்யவில்லை. தெரியாமல் அழுத்தியவருக்கும் அந்த விளம்பரம் பயனில்லை, காசு கொடுத்தவருக்கும் பயனில்லை. அந்தக் காசு எனக்கு எப்படிச் சேரும்?

இன்றைய வேலைகள்: பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலும் கீழும் ஒரு திரை உயரத்துக்கு எந்த விளம்பரமும் இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டே கட்டங்கள். முதல் கட்டம், நெல்லின் வயது, மண், பருவம் மூன்றையும் சொல்லி முடித்த பத்திக்குப் பிறகுதான். இரண்டாவது கட்டம், பக்கத்தின் கடைசியில்.

எழுத்து குதிப்பதை நிறுத்தவும் வழி கிடைத்தது. விளம்பரம் தாமதமாக வந்து இறங்குவதால்தான் குதிக்கிறது. 300க்கு 250 அளவுள்ள கட்டத்துக்கு அந்த 250 புள்ளி உயரத்தை முன்பே ஒதுக்கி வைத்துவிட்டால், விளம்பரம் எப்போது வந்தாலும் எழுத்து அசையாது. விளம்பரம் வராவிட்டால் அங்கே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், இருக்கட்டும். பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் சோதித்தேன். பக்க அசைவுக்கான மதிப்பு 0.1க்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் அளவு. காலையில் 0.41 இருந்தது, இப்போது 0.03. மெய்ப்புத் திருத்தி முடித்த நிறைவு இன்று அந்த எண்ணில் கிடைத்தது.

4 ஜூலை, வியாழன்

அக்கா மகன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. "மாமா, இவ்வளவு பாடுபட வேண்டாம், நல்ல தீம் ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று பென்டிரைவை நீட்டினான். காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் தீமை, அதாவது தயாரான தள வடிவமைப்பை, யாரோ பூட்டு உடைத்துக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தேன். கீழ்ப்பட்டியின் நிரலில் சூதாட்டத் தளங்களுக்கு மறைவான இணைப்புகள் இருந்தன. அவனுக்கும் தெரியாதுதான். காட்டியதும் முகம் வாடிவிட்டது.

உரிமத்தோடு இலவசமாகக் கிடைப்பதும் திருடி இலவசமாகத் தருவதும் வேறு வேறு. படங்களிலும் இதே கதை. விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கும் படத்தை நான் காசில்லாமல் போடலாம், பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் அடியில் போட வேண்டும். அவ்வளவு செய்வதில் என்ன கஷ்டம்? நெல்மணிப் படங்களை மட்டும் நானே எடுக்கிறேன், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, காலை வெளிச்சத்தில்.

இன்னொன்றும் சொன்னான். ஒரு வாட்ஸ்அப் குழுவாம், ஒருவர் தளத்து விளம்பரத்தை மற்றவர் தினமும் அழுத்திவிடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய்க் கிளிக்குகள் தெரிந்தால் கணக்கையே மூடுவார்கள் என்பது அவனுக்குச் சொன்ன காரணம். வேதாரண்யத்துப் பெரியவரின் சலிப்பு இன்னும் காதில் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

இரசாயனம் இல்லாமல் பூங்கார் பயிரிடுவதைப் பற்றிய பக்கத்தில் இன்று களைக்கொல்லி விளம்பரம். பார்த்ததும் உடம்பு எரிந்தது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 நாட்டு நெல் வகைகளைத் திரட்டிக் காத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகுதான் இந்தத் தளத்தைத் தொடங்கும் எண்ணமே எனக்கு வந்தது. அந்த வகைகளைப் பற்றிய பக்கத்தில் களைக்கொல்லியா?

ஆட்சென்ஸ் பக்கத்தில் வரும் சொற்களைப் பார்த்து வேளாண்மை என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கேற்ற விளம்பரத்தைக் கொண்டுவருகிறது. பயிருக்கு நஞ்சு தேவையில்லை என்று நான் எழுதினாலும் இயந்திரத்துக்கு அது பயிர், நஞ்சு என்ற இரண்டு சொற்கள். நல்லவேளை, தடுப்பதற்கு இடம் இருக்கிறது. வந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்தலாம், விளம்பரதாரரின் தள முகவரியைக் கொடுத்து மொத்தமாகவும் தடுக்கலாம். 9 முகவரிகளைத் தடுத்தேன். சூதாட்டத்தையும் உடனடிக் கடனையும் சேர்த்து நிறுத்தினேன். கடன் விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது தெரியும். விதைநெல்லுக்குக் காசில்லாமல் திணறுபவர் வந்து நிற்கும் பக்கம் இது.

22 ஜூலை, திங்கள்

கணக்கு 10 டாலரைத் தாண்டியதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவார்கள். இன்று வந்தது. தபால்காரர், "வெளிநாட்டுக் கடிதமா?" என்று ஆவலோடு கேட்டுவிட்டுக் கையில் கொடுத்தார். கிழித்தால் உள்ளே 6 இலக்க எண், அவ்வளவுதான். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். உடனே பதிவு செய்தேன். பணம் கைக்கு வருவதற்கு 100 டாலர் சேர வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் கிடைத்ததே 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு 2014இல் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் எழுதி, ஒரு காசும் பார்க்காமல், புதுப்பிக்க முடியாமல் மறைந்துபோன நல்ல தமிழ்த் தளங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. அவற்றில் ஒன்றில்தான் காட்டுயானம் நெல்லின் வயது 180 நாள் என்று முதன்முதலாகப் படித்தேன்.

29 ஜூலை, திங்கள்

நேற்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். கர்நாடகத்தில் பெய்த மழையில் அணை நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து தளத்துக்கு வருகை மளமளவென்று ஏறுகிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு 300 பார்வை, இன்று மதியத்துக்குள் 1,100. எல்லாரும் நீண்ட வயது நெல்லைத்தான் தேடுகிறார்கள். நான் கடையைப் பாதி மூடிவிட்டு விதை வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து இருப்பைக் கேட்டு, பக்கங்களில் திருத்திக்கொண்டிருந்தேன். தீர்ந்துபோனவர் எண்ணை எடுக்காமல் விட்டால் எத்தனை பேர் வீணாக அழைப்பார்கள்!

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. இந்த ஆண்டு பாமணியாற்றில் தண்ணீர் பார்த்தாகிவிட்டது. தளத்தில் வேலை எதுவும் செய்யவில்லை.

9 செப்டம்பர், திங்கள்

மூன்று மாதக் கணக்கு. ஜூனில் 3 டாலர் 10 சென்ட். ஜூலையில் கட்டங்களைக் குறைத்ததும் 2 டாலர் 25 சென்ட். ஆகஸ்ட்டில் பருவக் கூட்டம் வந்ததால் 7 டாலர் 80 சென்ட். மொத்தம் 20 டாலரை நெருங்குகிறது. இந்த வேகத்தில் 100 டாலரைத் தொட அடுத்த சம்பாவையும் தாண்ட வேண்டும். பொத்தானுக்கு மேல் கட்டத்தை விட்டு வைத்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கும் என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் கணக்கு சரிதான். அட்டவணையை இறக்கியவர்கள் ஜூனில் 40 பேர், ஆகஸ்ட்டில் 612 பேர். அந்தக் கணக்கையும் அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்வை குறைந்தவர்களுக்காக எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். 18 புள்ளியை 20 ஆக்கினேன்.

மாலையில் வேதாரண்யத்துப் பெரியவர் அழைத்தார். குழியடிச்சான் விதைத்து முளைப்பு வந்துவிட்டதாம். "ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. நாற்று விட்டு நடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் புழுதியில் அப்படியே தெளிப்போம். மழை வரும்வரை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும்" என்றார். ஏக்கருக்கு எத்தனை மரக்கால், எத்தனை உழவு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அரை மணி நேரம் பேசினார்.

குழியடிச்சான் பக்கத்தில் முதல் பத்தியிலேயே அதைச் சேர்த்தேன். நான்கு வரி கூடியது. விளம்பரக் கட்டம் நான்கு வரி கீழே இறங்கியது.