பட்டைக்குள் சுற்றும் வால்மீனைத் தள்ளிப் பார்த்தேன்

சிறுகோள் பட்டையில் சுற்றும் வால்மீன்களை அவற்றின் பனி ஆவியாகிப் பீறிடும் வாயுவே எவ்வளவு தள்ளும் என்று பைதான் நிரல்மொழியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

எடுத்துக்கொண்டது 133பி/எல்ஸ்ட்-பிசாரோ. வெறும் சிறுகோள் என்று பதிவாகியிருந்த இது 1996இல் வாலோடு பிடிபட்டது. அரைப்பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) 3.16 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்), ஒரு சுற்றுக்கு சுமார் 5.6 ஆண்டு. சூரியனுக்கு மிக அருகே வரும்போதுகூட 2.67 அலகு தள்ளித்தான் இருக்கிறது.

தள்ளலுக்கு மார்ஸ்டன், செகானினா, யோமன்ஸ் மூவரும் 1973இல் தந்த சூத்திரம். பனி ஆவியாகும் வேகம் தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதை ஒரு சார்பாக வைத்து, அதை ஏ1 (சூரியனுக்கு எதிர்ப்புறமாக), ஏ2 (சுற்றும் திசையில்) என்ற எண்களால் பெருக்குவார்கள். அந்தச் சார்பைத் தனியாக வரைந்து பார்த்ததிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. 1 அலகில் 1 என்றிருக்கும் மதிப்பு, 133பி சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மைப்புள்ளியில் 0.009தான். மிகத் தொலைவில் இருக்கும் சேய்மைப்புள்ளியில் அதிலும் சுமார் இருநூறில் ஒரு பங்கு. அதாவது அண்மைப்புள்ளியை ஒட்டிய காலத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் தள்ளலே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, முதல் ஓட்டம்: வியாழனை விட்டுவிட்டு, சூரியன் மட்டும். ஏ2 மட்டும், அலகு/நாள்² கணக்கில் நூறு கோடியில் ஒன்று. பெரிய கருவுக்கு (வால்மீனின் திட உடலுக்கு) இது தாராளமான மதிப்பு. ஒரு சுற்றில் அரைப்பேரச்சு சுமார் 480 கி.மீ. கூடியது, சுற்றுக்காலம் நாலரை நிமிடம் நீண்டது. அற்பம்தான். என்கே வால்மீன் 19ஆம் நூற்றாண்டில் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் முந்தி வந்துகொண்டிருந்தது. ஆனால் தாமதம் சேர்ந்துகொண்டே போகும்: பத்துச் சுற்று முடிவில் நாலு மணி நேரம், தூரத்தில் இரண்டு லட்சம் கி.மீ.க்கு மேல். ஏ2வின் கூட்டல்-கழித்தல் குறியை மாற்றினால் பாதை அதே அளவு சுருங்குகிறது. கரு எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதுதான் குறியைத் தீர்மானிக்கும்.

அப்புறம் ஏ1. இது பத்து மடங்கு பெரிதாக இருந்தாலும் அரைப்பேரச்சு சுற்று முடிவில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தூரத்தை மட்டுமே சார்ந்த ஆரத்திசை விசை, உள்ளே வரும்போது எடுத்துக்கொண்ட ஆற்றலை வெளியே போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் 133பி அப்படி நியாயமாக நடப்பதில்லை. அண்மைப்புள்ளியைத் தொட்ட பிறகுதான் விழித்துக்கொண்டு, விலகிப் போகும் மாதங்களில் தூசியைக் கொட்டுகிறது. அதனால் உள்ளே வரும் பாதியில் தள்ளலை அணைத்துவிட்டு ஓட்டினேன். ஏ1 மட்டுமே சுற்றுக்கு சுமார் 175 கி.மீ. வெளியே தள்ளியது! அதே அரைச்சுற்றில் ஏ2 தருவது சுமார் 240. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த முடிவு இதுதான்: எவ்வளவு வாயு என்பதோடு, எப்போது என்பதும் பாதையைத் தீர்மானிக்கிறது.

வியாழனைச் சேர்த்ததும் இதெல்லாம் அதன் ஆட்டத்தில் மூழ்கிப் போனது. இப்போது தள்ளலோடு ஒன்று, தள்ளல் இல்லாமல் ஒன்று என இரண்டு 133பிகளை ஒன்றாக ஓடவிட்டு, வித்தியாசத்தை மட்டும் வரைகிறேன். இதே வேகத்தில் 3.27 அலகில் இருக்கும் வியாழனின் 2:1 ஒத்ததிர்வு (வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் இரண்டு முறை சுற்றும் இடம்) வரை நகர இரண்டு லட்சம் ஆண்டுக்கு அருகில் ஆகும். அவ்வளவு காலம் மேற்பரப்புப் பனியும் தாங்காது, சுழல் அச்சும் ஒரே பக்கம் நிற்காது. அடுத்த ஓட்டத்தில் அச்சையும் மெதுவாகத் திருப்பப் போகிறேன்.