முதல் கடல் நீச்சல் பந்தயத்தில் நான் பட்ட பாடு

பயிற்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குளத்தில் 2 கி.மீ. நிற்காமல் நீந்த முடிந்து, துணையோடு கடலிலும் இறங்கிப் பழகியவர்களுக்கு இந்தத் தூரம் எட்டக்கூடியதுதான். எனக்கு அந்தப் பகுதி சிக்கலில்லாமல் போனது. பணம் கட்டியதிலிருந்து என் நேரம் பட்டியலில் ஏறும் வரை நடந்த மற்றதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில். மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. தொப்பியையும் காலில் கட்டும், நேரத்தைப் பதியும் சிப்பையும் முந்தின நாளே நகரத்துக்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை, பதிவு எண் எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தார். மேசையில் இருந்த பையன் அதைப் படிக்கக்கூட இல்லை. "எங்க ஃபார்ம்ல வேணும் மேடம்" என்றார். அந்தப் படிவம் மின்னஞ்சலிலும் இல்லை, அவர்கள் இணையதளத்திலும் இல்லை, அவருடைய மேசை டிராயரில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஓடி, கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய டாக்டரை வாசலில் பிடித்து, கார் பானட் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். திரும்பி வந்தபோது மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தை வாங்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டார்கள். பதிவு செய்யும் அன்றே "உங்களுக்கென்று தனிப் படிவம் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை 5 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு நடமாடும் கழிப்பறை. பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்புத் துணிகூட இல்லை. குப்பத்து அம்மா ஒருவர் நாங்கள் தவிப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள போய் மாத்திக்கங்கம்மா, இன்னும் யாராச்சும் இருந்தா கூப்புடுங்க" என்று தன் வீட்டைத் திறந்துவிட்டார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. பெண்கள் வீட்டிலிருந்தே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு நைட்டியோ தளர்வான சட்டையோ மாட்டிக்கொண்டு போவது நல்லது.

இன்னொன்று, கையில் மார்க்கரால் எண் எழுதிய பிறகு வாஸ்லின் தடவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மை ஒட்டாது. கழுத்து, அக்குள், தோள்பட்டை வார் உரசும் இடம் எல்லாம் தாராளமாகத் தடவ வேண்டும். உப்புத் தண்ணீரில் உரசினால் தோல் உரிந்துவிடும்.

தொடக்கம் 6.30 என்று அறிவித்திருந்தார்கள். முதலில் பாதுகாப்புப் படகு வரவில்லை. அது வந்த பிறகு கொடியசைக்கும் சிறப்பு விருந்தினர் வரவில்லை. தண்ணீரில் இறங்கும்போது மணி 8-ஐ நெருங்கிவிட்டது. கடலில் இந்தத் தாமதம் பெரிய விஷயம். விடியலில் தட்டையாகக் கிடந்த தண்ணீரில், வெயில் ஏற ஏறத் தெற்குக் காற்று பிடித்துக்கொண்டது. சர்வதேச விதிப்படி தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் திறந்தநீர்ப் பந்தயமே நடத்தக்கூடாது. இங்கே யாரும் தண்ணீரில் வெப்பமானியை வைத்து நான் பார்க்கவில்லை. காத்திருக்கும் நேரத்துக்கென்று ஓஆர்எஸ் கலந்த தண்ணீர் தனியாகக் கொண்டுபோங்கள்.

அந்தக் காத்திருப்பில் ஒரு நல்லது நடந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கடலையும் பந்தய வழியைக் காட்டும் மிதவையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளம் தெக்கருந்து வருதும்மா. மிதவைய நேரா பாத்து நீந்துனா வடக்கால தள்ளிடும். கொஞ்சம் தெக்க புடிச்சுப் போ, அதுவே உன்ன மிதவைகிட்ட கொண்டாந்து வுட்டுடும்." அவர் வெள்ளம் என்றது நீரோட்டத்தை. மைக்கில் அவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவர்கூட நீரோட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாக் நீரிணையைக் கடக்கிறவர்கள் மீனவர் படகின் துணையோடுதான் போகிறார்கள், புறப்படும் நேரத்தையே நீரோட்டத்தைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். 1994இல் குற்றாலீஸ்வரன் சிறுவனாக அதை நீந்திக் கடந்ததைக் கொண்டாடிய ஊர் இது. குப்பத்து மணலிலேயே பந்தயம் நடத்துகிறவர்கள் குப்பத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரியவர் சொன்னபடியே நடந்தது. எனக்கு முன்னால் வேகமாகப் போன பலர் மிதவைக்கு வடக்கே தள்ளப்பட்டு, திரும்பி எதிர்நீச்சல் போட்டார்கள். நான் தெற்கே ஒதுங்கிப் போய் நேராக மிதவையில் வந்து சேர்ந்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது. நம் கடற்கரையில் காலையில் உள்ளே நீந்தும்போது சூரியன் நேர் முகத்தில் அடிக்கும் என்பதால் கருப்புக் கண்ணாடிதான் சரி. வெள்ளைக் கண்ணாடி போட்டு வந்தவர்கள் மிதவையே தெரியாமல் தடுமாறினார்கள்.

முதல் மிதவையிலிருந்து தெற்கே போகும் பகுதி முழுக்க எதிர் நீரோட்டம், எதிர் அலை. கை போட்டுக்கொண்டே இருக்கிறோம், கரையில் தெரியும் தென்னை மரம் நகரவே மாட்டேன் என்கிறது. அங்கே முன்கையில் சொறிமீன் (ஜெல்லிமீன்) தீண்டியது. சுரீரென்று எரிந்தாலும் மூச்சு சீராக இருந்ததால் தொடர்ந்தேன். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே கையைத் தூக்கிப் படகைக் கூப்பிட வேண்டும். கரையேறியதும் கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது.

திரும்பும் வழி சுலபம். பந்தயம் முடியும் இடத்தில் கட்டியிருந்த அலங்கார வளைவு அலைக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், அதற்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் குறி வைத்து வந்தேன். கரையேறும்போது என் கடிகாரத்தில் 1 மணி 4 நிமிடம். கெடு 1 மணி 15 நிமிடம். பதக்கம் கழுத்தில் விழுந்தது.

அன்று மாலை வந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே "முடிக்கவில்லை" என்று இருந்தது. என்னோடு கரையேறிய வேறு சிலருக்கும் அதே கதி. ஜெனரேட்டர் நின்றுபோன நேரத்தில் வந்தவர்களின் சிப் பதிவாகவில்லை என்று ஒரு தன்னார்வலர் மூலம் தெரிந்தது. எழுதிக் கேட்டால், சிப் தகவலே இறுதியானது என்று ஒரே வரியில் பதில். கடிகாரப் பதிவை அனுப்பினேன், பதில் இல்லை. என் வீட்டுக்காரர் எடுத்த வீடியோவில் நான் வளைவைத் தாண்டுவதும் மேலே ஓடும் நேரமும் தெளிவாக இருந்தன. அதையும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

கடைசியில் வேறு மாதிரி எழுதினேன். "உங்கள் பட்டியல்படி நான் கடலுக்குள் போனேன், திரும்பி வரவில்லை. அப்படியானால் என்னைத் தேடி யார் போனார்கள்? எத்தனை மணிக்குத் தேடுதலை நிறுத்தினீர்கள்?" அன்று இரவே தொலைபேசி வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், எங்கள் எல்லோருடைய நேரத்தையும் ஏற்றினார்கள். ஆனால் என் கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை. உள்ளே போன தலைகளையும் வெளியே வந்த தலைகளையும் தனியாக யாரும் எண்ணவில்லை என்பதைப் பேச்சோடு பேச்சாக ஒப்புக்கொண்டார்கள். எனக்குக் குலை நடுங்கியது அப்போதுதான்.

அடுத்து வேறொரு பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கையால் தலை எண்ணும் ஆள் உண்டா, உள்ளூர் மீனவர் படகு உண்டா, தொடக்கம் தள்ளிப்போனால் எத்தனை மணிக்கு மேல் ரத்து செய்வீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவேன்.