காதில் வைத்துப் பேசினால் மட்டும் கேட்காத குரல்: கைபேசி மைக்கைப் பழுது பார்த்த அனுபவம்

வீட்டிலுள்ள ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் சரியாகக் கேட்பதில்லை என்ற புகார் சில காலமாக இருந்துவந்தது. சில நேரம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். சில நேரம் ஒன்றுமே கேட்காது. ஆனால் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினால் குரல் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது. இந்தத் தகவல் ஒன்றே, மைக்கை மாற்ற வேண்டும் என்ற அவசர முடிவை ஒதுக்கிவைக்கப் போதுமானதாக இருந்தது.

இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் உள்ளன. சார்ஜிங் துளைக்கு அருகில் அடிவிளிம்பில் ஒன்று, மேல்விளிம்பில் ஒன்று, சிலவற்றில் பின்பக்கக் கேமராவை ஒட்டி மேலும் ஒன்று. காதில் வைத்துப் பேசும்போது அடியில் உள்ள மைக்கே முதன்மையாக வேலை செய்கிறது. ஸ்பீக்கரில் பேசும்போது பல மாடல்களில் மேல் மைக்கும், வீடியோ எடுக்கும்போது கேமராவுக்கு அருகிலுள்ள மைக்கும் பயன்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு பயன்பாடும் ஒரு சோதனைதான். குரல் பதிவுச் செயலியில் ஒரே வாசகத்தை ஒரே தூரத்திலிருந்து பேசிப் பதிவு செய்தேன். பிறகு முன்பக்கக் கேமராவிலும் பின்பக்கக் கேமராவிலும் அதே வாசகத்தை வீடியோவாக எடுத்தேன். வீடியோக்கள் இரண்டிலும் குரல் கணீரென்று இருந்தது. குரல் பதிவில் மட்டும், ஒலியின் அளவைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது. நெட்வொர்க்கின் மேலோ எதிர்முனைக் கைபேசியின் மேலோ இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. அழைப்பே இல்லாத பதிவிலும் கோளாறு தெரிகிறதல்லவா.

மென்பொருள் பக்கத்தை விரைவாகவே கடந்துவிட்டேன். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், விரைவு அமைப்புகளில் மைக்கை மொத்தமாக நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதன் மூலம் மைக்கை நிறுத்திவிட்டால் செயலிகளுக்குப் பிழைச்செய்தி எதுவும் வராமல் வெறும் மௌனம்தான் போய்ச் சேரும் என்பதால், பலர் மைக் கெட்டுவிட்டதாகவே எண்ணிவிடுகிறார்கள். இங்கே வீடியோவில் குரல் பதிவாவதால் அது காரணமில்லை. குரல் பதிவுச் செயலிக்கு மைக் அனுமதி இருந்தது. ப்ளூடூத்தை அணைத்துப் பார்த்தேன். பையில் மூடாமல் கிடக்கும் இயர்பட்ஸ் அழைப்பின் ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். ஹெட்போன் குறியீடும் திரையில் இல்லை. நாமாக நிறுவிய செயலிகள் இயங்காத சேஃப் மோடிலும் அதே நிலைதான்.

அடுத்து உறையைக் கழற்றிவிட்டு அடிவிளிம்பைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மைக்கின் துளை 1 மில்லிமீட்டருக்கும் குறுகலாக, உள்ளே சாம்பல் நிறத்தில் எதுவோ அடைத்துக்கொண்டதுபோல் தெரிந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஊசியையோ சிம் தட்டை வெளியே எடுக்கும் கம்பியையோ உள்ளே விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கைபேசியில் இருப்பது சிலிக்கானில் செதுக்கிய மிகச்சிறிய மெம்ஸ் வகை மைக். அதன் உள்ளே, தகடு ஒன்றுக்கு எதிரே மெல்லிய சவ்வு ஒன்று காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப அசைவதால்தான் ஒலி மின்குறியாகிறது. கம்பி அந்தச் சவ்வைக் கிழித்துவிடும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றை நேராகப் பீய்ச்சினாலும் அதே ஆபத்துதான். மென்மையான, உலர்ந்த பல் துலக்கியால் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லத் துடைத்தேன். கொஞ்சம் தூசி உதிர்ந்ததே தவிரக் குரலில் மாற்றமில்லை.

பதிவை ஓடவிட்டு, துளையின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்ததுதான் இந்த வேலையில் மிகவும் உதவியது. சுரண்டிய ஓசைக்கு அலைக்கோடு துள்ளி எழுந்தது. அதே துளைக்கு அருகில் வாயை வைத்துப் பேசினால் அசையவில்லை. கைபேசியின் உடலில் அதிர்வாக வரும் ஓசை பதிவாகிறது, காற்றின் வழியே வரும் ஓசை பதிவாகவில்லை என்றால், மைக் உயிரோடு இருக்கிறது, அதற்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது என்றே பொருள் கொண்டேன். அழைப்பில் சில நேரம் குரல் முற்றிலும் மறைந்ததற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு, வாய்க்கு அருகிலுள்ள மைக்கில் குரல் உரக்கவும் மேல் மைக்கில் மெலிதாகவும் விழும் என்று எதிர்பார்க்கிறது. கீழ் மைக் அடைபட்டு அந்த வேறுபாடு இல்லாமல் போனால், பேச்சையே சுற்றுப்புற இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடக்கூடும்.

பிறகு கைபேசியை அணைத்து, பின்மூடியை இளஞ்சூட்டில் வைத்துப் பசை இளகியபின் பிளாஸ்டிக் தகட்டால் திறந்தேன். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானது தவறான துளையில் ஏறினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையையே துளைத்துவிடக்கூடும் என்பதால், தாளில் கைபேசியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே அவற்றை வைத்தேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். பல மாடல்களில் உள்ளதுபோலவே இதிலும் அடி மைக், சார்ஜிங் துளையோடு சேர்ந்து சப் போர்டு எனப்படும் ஒரு சிறிய துணைப் பலகையில் இருந்தது. சட்டத்தின் துளைக்கும் மைக்குக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும், வலை பதித்த ரப்பர் கேஸ்கட் ஒன்று உண்டு. அந்த வலையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகிய படலம், கண்ணுக்கு ஓட்டையே தெரியாத அளவுக்குப் படிந்திருந்தது.

கேஸ்கட்டை எடுத்துவிட்டு, தற்காலிகமாக இணைப்புகளைப் பொருத்திப் பதிவு செய்தபோது அலைக்கோடு முழு உயரத்துக்கு எழுந்தது. சந்தேகம் மிச்சமிருக்கக் கூடாதென்று பழைய கேஸ்கட்டை மீண்டும் வைத்துப் பேசினேன், குரல் தாழ்ந்தது. எடுத்தேன், உயர்ந்தது. சப் போர்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது உறுதியானது.

கேஸ்கட் இல்லாமலேயே மூடிவிடலாமே என்று தோன்றக்கூடும். அப்படிச் செய்தால் ஸ்பீக்கரின் ஒலி கைபேசியின் உடலுக்குள்ளேயே சுற்றி மைக்கில் புகுந்து, எதிர்முனையில் பேசுபவருக்கு அவர் குரலே எதிரொலியாகத் திரும்பும். அதே மாடலுக்கான புதிய கேஸ்கட்டை வரவழைத்து, துளை நேராக அமைகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பொருத்தினேன். அமைதியான அறையிலும் மின்விசிறி ஓடும் அறையிலும் காதில் வைத்துப் பேசிப் பார்த்ததில் குரல் தெளிவாகச் சென்றது. ஸ்பீக்கரில் எதிரொலி இல்லை. பின்மூடிக்குப் புதிய பசைப்பட்டையே ஒட்டினேன் என்றாலும், ஒருமுறை திறந்த கைபேசி பழையபடி தண்ணீரைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அதைச் சொல்லித்தான் உரியவரிடம் ஒப்படைத்தேன்.