21 நாள் கணக்கு

சித்தப்பா மகன், 26 வயசு, கல்யாணம் ஆகாதவன். புரட்டாசியில் குறுவை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிக் காவல் கிடந்தான். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா" என்று குவியல் மேலேயே உட்கார்ந்தவன்தான். லோடு ஆட்டோவில் போட்டு 14 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். டாக்டர் கை வைத்துப் பார்த்து, உயிர் இல்லை என்றுவிட்டார்.

பேர் கேட்டபோது கூடப் போன பையன், தெருவில் கூப்பிடும் இரண்டெழுத்துப் பேரைச் சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன, நடுங்கிப் போயிருந்தான். ஆனால் அதுதான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் போய்விட்டது. காலையில் ஏட்டு படித்துக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. சித்தப்பா கொடுக்கும் புகாரில் ஆதாரில் உள்ள முழுப்பேரை எழுதி, (எ) – அதாவது 'என்கிற' – போட்டு, அப்புறம் கூப்பிடும் பேரை எழுதச் சொன்னேன். ஆதார் நகலும் வைத்தோம். அந்த ஒற்றை (எ) இல்லையென்றால் இன்றைக்கும் அலைந்துகொண்டிருப்போம். பிரேதப் பரிசோதனைக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

மதியம் உடலைக் கொடுத்தார்கள். அன்றைக்கே எரித்துவிட்டோம்.

16ஆம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. நானும் தலையாட்டினேன். தப்பு. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, கேள்வியும் குறைவு. ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, வருஷம் தாண்டினால் இன்னும் மேலே. எங்களுக்கு மிச்சம் இருந்தது ஐந்தே நாள்.

பேரூராட்சியில் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரி கேஸ்தானே? அங்க போங்க." அங்கே போனால், "வரும்போதே உயிர் இல்லை. இறந்தது உங்க ஊர்ல, அங்கதான் பதியணும்." இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவு, சட்டம் அதுதான். இது தெரிந்த இரண்டு பேரும் என்னைப் பந்தாக்கினார்கள். மூன்றாவது நடையில், கொண்டு வரும்போதே இறந்திருந்தார் என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை வாங்கிப்போய் மேஜையில் வைத்தேன். 20ஆம் நாள் பதிந்தார்கள். இறப்புச் சான்றிதழ் ஐந்து பிரதி வாங்கினேன். பத்து வாங்கியிருக்கணும்.

அடுத்தது பேங்க். பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தால், மே கடைசியில் 436 ரூபாய் பிடித்த ஒரு வரி. ஜீவன் ஜோதி, பேங்க் வழியாகப் போடும் அரசின் ஆயுள் காப்பீடு! வீட்டில் யாருக்குமே தெரியாது. கவுண்டரில் இருந்தவர் எஃப்ஐஆர், விபத்துக்கான ஆதாரம், வாரிசுச் சான்று எல்லாம் கேட்டு அனுப்பிவிட்டார். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் போட்டு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் புத்தி வந்தது. அவர் கேட்டது 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டுக்கான காகிதம். 436 ரூபாய்த் திட்டத்துக்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு. புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாள் மட்டும்தான் விலக்கு, அதிலும் விபத்தில் இறந்தால் அந்த விலக்கு கிடையாது. நாமினியாகச் சித்தி பேர் இருந்தது, அதனால் வாரிசுச் சான்றே வேண்டாம். மேனேஜரிடம் நேரே போய் பாஸ்புக் வரியைக் காட்டினேன். "சார், 436-க்கும் 20-க்கும் வித்தியாசம் இல்லையா?" அன்றைக்கே ஃபாரம் கொடுத்தார்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி சித்தி கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று, அவன் சிம்மை அணைந்துபோக விடாதீர்கள். பிஎஃப் கணக்கு விவரம் பார்க்க ஓடிபி அதற்குத்தான் வரும். நான் இன்னும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பணம் வந்துவிட்டது. எதனால் இறந்தான் என்பதற்கு மட்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கையில், உள்ளுறுப்பு ஆய்வு முடிவு வந்த பிறகு என்றுதான் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்டேஷனுக்குப் போகணும்.