நாய் பயமும் என் மகளின் விரல் கணக்கும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் நாய் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. நிறுத்தியிருக்கும் காரின் அடியில், டீக்கடை பெஞ்சின் கீழ், வாசற்படி ஓரத்தில் என்று எங்கும் படுத்திருக்கும். நாய்க்குப் பயப்படும் குழந்தைக்கு இங்கே வெளியே போவதே நின்றுவிடும். என் மகளுக்கு நான்கு வயதில் அதுதான் நடந்தது.

ஓர் இரவு ஸ்கூட்டரில் முன்னால் அவளை நிற்க வைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு நாய்கள் குரைத்தபடி துரத்தின. கடிக்கவில்லை, வீதி திரும்பியதும் நின்றுவிட்டன. ஆனால் அதற்குப் பிறகு அவள் கால் தரையில் பட மறுத்தாள். பக்கத்துக் கடைக்குப் போவதானாலும் தூக்கச் சொல்வாள். இரவில் எங்கோ தொலைவில் குரைப்புக் கேட்டால் எழுந்து என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை; பள்ளிக்குப் போவதற்கே அடம்பிடிக்க ஆரம்பித்தாள். குழந்தை மருத்துவர் திருச்சியில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்.

அவர் முதலில் மகளிடம்தான் பேசினார். “பயம் எவ்வளவு? விரலில் காட்டு” என்றார். நாய்ப் படத்துக்கு இரண்டு விரல். வீதியில் படுத்திருக்கும் நாய்க்கு ஐந்து விரல். குரைக்கும் நாய்க்கு இரண்டு கையும். வயிற்றுக்குள் இருந்த பயத்துக்கு ஓர் அளவு கிடைத்ததும் அவள் முகம் சற்றுத் தெளிந்ததை நான் பார்த்தேன். அதன்பின் எல்லாவற்றையும் விரலால்தான் நடத்தினோம்.

எங்களிடம் அவர் கண்டிப்பாகச் சொன்னவை இரண்டு. ஒன்று, “அது ஒன்றும் செய்யாது, வா” என்று சொல்லக் கூடாது. சில நாய்கள் கடிக்கத்தான் செய்யும். அந்தப் பொய்யைக் குழந்தை ஒருநாள் கண்டுபிடித்தால் பிறகு நம் பேச்சு எதுவும் எடுபடாது. மற்றொன்று, நாயைக் கண்டதும் தூக்கிக்கொள்ளக் கூடாது. தூக்கியதும் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதியே ‘நாயிடமிருந்து விலகினால்தான் பிழைத்தோம்’ என்று உடம்புக்குப் பாடம் சொல்லிவிடுகிறது. தூக்குவதற்குப் பதிலாகக் கையைப் பிடித்துக்கொண்டு, அவளால் நிற்க முடிகிற தூரத்துக்குப் பின்வாங்கி, விரல்கள் குறையும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இதைக் கேட்பது எளிது. அழுகிற குழந்தையோடு நடுவீதியில் நிற்கும்போது, “பாவம், தூக்கிக்கொள்ளம்மா” என்று போகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. “சாப்பிடாவிட்டால் நாயைக் கூப்பிடுவேன்” என்பது எங்கள் வீடுகளில் பூச்சாண்டிக்கு அடுத்தபடியான மிரட்டல். என் மாமியாரிடம் விஷயத்தை விளக்கினேன். “இனி என் வாயில் அது வராது” என்றார், வரவும் இல்லை.

பிறகு படிப்படியாக ஏறினோம். முதலில் படப் புத்தகம், அடுத்து ஒலி இல்லாத வீடியோ, அதன்பின் ஒலியோடு. அதற்குப் பிறகு மாடியில் நின்றபடி வீதி நாய்களைப் பார்த்தோம். இந்தப் படியில்தான் நீண்ட நாள் தங்கினோம். எனக்கு மிகவும் பிடித்த படியும் இதுவே. நாயின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். வால் ஆடினால் எப்போதும் நட்பு என்று பொருள் இல்லை. வால் விறைத்து நிமிர்ந்து மெல்ல ஆடினால் விலகிவிட வேண்டும். காது பின்னால் ஒட்டி, உடம்பு குறுகினால் அது பயந்திருக்கிறது. “அதற்கும் பயமா அம்மா?” என்று அவள் கேட்டாள். எத்தனை விரல் பயம் என்று நாய்க்கும் சேர்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை செய்த நாய் என்று சொல்லித் தந்தேன்; மாடியிலிருந்தே வெட்டுக் காதுகளைத் தேடுவாள். கருத்தடை செய்யும்போது ரேபிஸ் தடுப்பூசியும் போடுவார்கள். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதால் காது வெட்டை மட்டும் நம்பிக் கிட்டே போகக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அடுத்தது ஒரு நாயின் அருகில் போவது. என் அண்ணன் வீட்டில் ராஜபாளையம் நாய் இருக்கிறது. ஆலோசகர் அதை வேண்டாம் என்றுவிட்டார். வீட்டாரிடம் மட்டும் ஒட்டி, அந்நியரைக் கிட்டே விடாத காவல் நாய் அது. தோழி வீட்டில் வயதான லாப்ரடார் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த வீட்டில் ஏழு வயதுப் பையன் இருந்தான். 1967-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வு செய்தவர்களும் நாய்க்குப் பயந்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு, பயமில்லாத இன்னொரு குழந்தை நாயோடு பழகுவதைக் காட்டினார்கள். பார்த்தே பல குழந்தைகளுக்குப் பயம் குறைந்தது. இதை ஆலோசகர் சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன். ஆனால் நாங்கள் பெரியவர்கள் சொல்லி நகராத மகள், அந்தப் பையன் நாய்க்குத் தண்ணீர் வைப்பதைப் பார்த்துக்கொண்டே தானாக ஓர் அடி முன்னால் வந்தாள். நாய் கயிற்றில் இருந்தது. அவள் கதவுக்கு இந்தப் பக்கம். அடுத்தடுத்த முறைகளில் கதவு திறந்தது, தூரம் குறைந்தது. விரல் இரண்டுக்கு இறங்காமல் அடுத்த படி இல்லை என்பது எங்கள் சட்டம். ஒருநாள் நாய் தும்மியதில் மறுபடி ஐந்து விரல் ஆகிவிட்டது. ஒரு படி இறங்கி அங்கிருந்து தொடங்கினோம்.

தொடுவதற்கும் முறை உண்டு. வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும். நாய் தானாக வந்து மோந்து பார்க்கக் காத்திருக்க வேண்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ தோளிலோ தடவ வேண்டும். கொஞ்சம் தடவிவிட்டுக் கையை எடுத்தால், நாய் மீண்டும் ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அவ்வளவுதான்.

வீதி நாயைத் தொட வைப்பது எங்கள் எண்ணத்திலேயே இல்லை. அதைத் தாண்டி நடக்க முடிய வேண்டும், அவ்வளவே. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. நாய் நெருங்கினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கைகளை மடக்கி மரம்போல் அசையாமல் நின்று தன் கால் விரலைப் பார்க்க வேண்டும். கூடத்தில் நான் நாயாக, அவள் மரமாகப் பலமுறை நடித்தோம். கடிபட்டாலோ பிராண்டினாலோ மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் விளையாட்டிலேயே பழக்கினேன். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறாள். டீக்கடை நாய்க்கு ஒரு விரல். குரைக்கும் நாய்க்கு இன்னும் நான்கு. இடைவெளி விட்டால் பயம் திரும்பலாம் என்பதால் லாப்ரடார் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. இரவு ஸ்கூட்டர்தான் பாக்கி. துரத்தும் நாயிடம் வேகம் கூட்டாமல் வண்டியை மெதுவாக்கினால் பெரும்பாலும் அது விட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் நிறுத்திய ஸ்கூட்டரில், பகலில், வாசலிலேயே ஆரம்பித்திருக்கிறோம்.