இடப்பக்கத்து நியாயங்கள்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எங்களில் அநேகர் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதுவார்கள், இல்லாவிட்டால் கிரிக்கெட்டைப் பற்றி. எழுதவேண்டியவைதான். நான் எழுத விரும்புவது, ஓ.எல். (க.பொ.த. சாதாரண தர) வகுப்பில் எங்கள் தமிழ்ச் சேர் விவாதக் கட்டுரை எழுதப் பழக்கிய விதத்தை. அவர் சொன்னவற்றை எழுதி வைத்திருந்த கொப்பிகள் 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டன. அந்த வகுப்பில் இருந்தவர்கள் ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ன், ஒஸ்லோ என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். ஞாபகம் இருக்கும்போதே ஒருவர் எழுதி வைப்பது நல்லது.

அந்தக் காலத்தில் கட்டுரை என்றால் பாடமாக்குவது. ரியூட்டறியில், அதாவது தனியார் கல்வி நிலையத்தில், தாள் தருவார்கள்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையிடையே இரண்டு குறள், ஒரு பழமொழி. எந்தத் தலைப்பு வந்தாலும் முதல் வரி "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கும். கடைசி வரி "என்றால் மிகையாகாது" என்று முடியும். சேர் இந்த இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டுவார். ஒருவர் "இது வெள்ளிடை மலை" என்று எழுதியிருந்தார். அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, "தம்பி, மலை எல்லாருக்கும் தெரியுதெண்டால் பிறகென்னத்துக்குக் கட்டுரை? தெரியாதவனுக்குத்தானே நீர் எழுதிறீர்" என்றார். குறளையும் அப்படித்தான். மேற்கோள் காட்டலாம், ஆனால் காரணத்தைச் சொன்ன பிறகு காட்டவேண்டும். காரணம் இருக்கவேண்டிய இடத்தில் குறளைப் போட்டு நிரப்பினால் அந்தப் பந்திக்குப் புள்ளி இல்லை.

சேர் பண்டிதர் பரீட்சை வரை எடுத்தவர். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று மூன்று படிகளையும் தாண்டி வந்தவருக்கு நன்னூல் முழுவதும் நாவில் நின்றது. பரீட்சைக்குப் புணர்ச்சி விதி கேட்பார்கள் என்பதற்காகத்தான் நாங்கள் நன்னூல் படித்தோம். அவர் எங்களைப் பாயிரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நூல் கொள்ளக்கூடிய எழுவகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் அங்கே சொல்கிறார். உடன்படல், மறுத்தல், மூன்றாவதாகப் "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே". பிறருடைய கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. மற்ற நான்கையும் சேர் வேகமாகத் தாண்டிவிடுவார். இந்த மூன்றாவதில் நின்றுகொள்வார். நூல் செய்கிறவனுக்குச் சொன்ன விதியை ஓ.எல். கட்டுரைக்கு இறக்கிய வேறு எவரையும் நான் இன்றுவரை காணவில்லை.

கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எதிரணியைச் சிரிக்கவைத்து விழுத்துவதுதான் வாதம் என்று எங்களுக்குப் பட்டது இயல்பே. பட்டிமன்றத்தில் நான் குறை காணவில்லை, அது கேட்பவர்களின் கலை. ஆனால் எழுத்தில் கைதட்டல் கிடையாது. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் கட்டுக்கட்டாக அதே தலைப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் எதிராளியை முட்டாளாக்கிக் காட்டினால், எழுதியவர் யோசிக்கவில்லை என்பதுதான் தெரியும்.

சேர் சொல்லித்தந்த முறைக்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். போர் காரணமாக 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட சிக்கன விளக்கில்தான் படிப்பு. கொப்பியும் தட்டுப்பாடு. எழுதி, வெட்டி, திரும்ப எழுத எண்ணெயும் இல்லை, தாளும் இல்லை. ஆகவே எழுதத் தொடங்குமுன் யோசித்து முடித்துவிட வேண்டும். பழைய கொப்பியில் மிஞ்சிய அரைத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்வார். இடப்பக்கம் எதிராளியின் நியாயங்கள், வலப்பக்கம் எங்கள் பதில்கள். இடப்பக்கம்தான் முதலில். அதில் மூன்று நியாயமாவது இல்லாமல் பேனையை வலப்பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஒருமுறை தந்த தலைப்பு, "மாணவருக்குத் தனியார் கல்வி நிலையங்கள் அவசியமற்றவை". சார்பாக எழுதவேண்டும். வகுப்பில் ரியூசனுக்குப் போகாதவர் ஒருவரும் இல்லை. பின்வாங்கில் இருந்த நண்பன் இடப்பக்கத்தில் "காசு பறிக்கும் இடம்", "பொடியள் கூடிக் கதைக்கும் இடம்" என்று எழுதியிருந்தான். சேர் படித்துவிட்டு, "இது உம்மட பேச்சல்லோ? எதிராளி எங்கை?" என்று கேட்டார். பிறகு தூரத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு தோழியை எழுப்பினார்.

"பிள்ளை, நீர் ஏன் ரியூசனுக்குப் போறனீர்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சேர், மட்ஸ் படிப்பிச்ச ரீச்சர் இடையில மாறிப் போயிட்டா. ஷெல்லடி எண்டு பள்ளிக்கூடம் பூட்டின நாளும் கனக்க. சிலபஸ் அரைவாசியும் முடியேல்லை. வீட்டில சொல்லித்தர ஆக்களும் இல்லை. அங்க போனால்தான் முடிக்கலாம்."

அவள் சொன்னதை அப்படியே இடப்பக்கத்தில் எழுதச் சொன்னார். நண்பன் எழுதினான். சேர் அந்தத் தாளை வாங்கி உரக்கப் படித்துவிட்டு அவளிடம் கேட்டார், "இதுதானே உம்மட நியாயம்? விட்டது ஒண்டும் இல்லையே?" "ஓம் சேர், இதுதான்." "சரி தம்பி, இப்ப இதுக்குப் பதில் எழுதும்."

நண்பன் அந்தப் பாடவேளை முழுக்க அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுடைய நியாயத்துக்கு முன்னால் "அவசியமற்றவை" என்று ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் கொண்டுவந்த கட்டுரையில், தனியார் வகுப்பின் தேவை பாடசாலையின் வெற்றிடத்திலிருந்து பிறக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொண்டிருந்தான். ஆசிரியரை நியமித்து, இழந்த நாட்களுக்கு மேலதிக வகுப்பும் வைத்தால் அந்தத் தேவை இல்லாமல் போகும். அதைச் செய்யாமல் ரியூசனையே வழியாகக் காட்டினால் காசில்லாத பிள்ளை இரண்டு இடத்திலும் தோற்கும் என்று வாதிட்டிருந்தான். தலைப்புக்குச் சார்பான கட்டுரைதான். ஆனால் சொல்ல வந்ததை அளவோடு சொன்னது, அதனால் உடைக்க முடியாததாக நின்றது. சேர் அதை வகுப்பில் வாசித்தார். முடித்ததும் அந்தத் தோழியைத்தான் பார்த்தார். "நான் ஒத்துக்கொள்ளுறன் சேர்" என்றாள். எதிராளி தன் நியாயம் சரியாகச் சொல்லப்பட்டது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அவரை இசையவைக்க முடியும் என்பதை நான் கண்ணால் கண்ட நாள் அது.

டிசம்பர் மாதப் பரீட்சை வந்தது, எழுதினோம், நல்ல பேறுகளும் வந்தன.

பல வருடங்களுக்குப் பிறகு கனடாவுக்கு விண்ணப்பித்தபோது கொழும்பில் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை எழுதவேண்டியிருந்தது. எழுத்துப் பகுதிக்கு ஒரு மணித்தியாலம். முதல் வினா கடிதம். இரண்டாவது விவாதக் கட்டுரை, குறைந்தது 250 சொற்கள், அதற்கு 40 நிமிடம் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் வினாவைவிட இதற்கு இரண்டு மடங்கு பெறுமதி. ஒரு கூற்றைத் தந்து, எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆயத்த வகுப்பில் ஆங்கிலத்திலும் அதே "இன்றைய நவீன உலகிலே"யைப் பாடமாக்கச் சொன்னார்கள்! நான் தாளின் ஓரத்தில் கோடு போட்டு இடப்பக்கத்தை நிரப்பினேன்.

ஒரு விடயம் மட்டும் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. தமிழ்க் கட்டுரையில் முடிவை முடிவுரை வரை பொத்தி வைப்போம், "நான்" என்ற சொல்லே வராது. ஐஈஎல்டிஎஸ் கட்டுரையில் என் நிலைப்பாடு முதற் பந்தியிலேயே தெரியவேண்டும், கடைசிவரை மாறாமல் இருக்கவும் வேண்டும். புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் முதலாவது இதைத்தான் பார்க்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் முழுமையாக வந்ததா என்று. கோர்வை, சொல்வளம், இலக்கணம் மற்ற மூன்றும். இலக்கணத்துக்கும் சொல்வளத்துக்குமே எங்கள் ஆட்கள் நேரம் முழுவதையும் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும்.

இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில், புதிதாக வந்து இந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள் சிலருக்கு உதவி செய்துவருகிறேன். போன வருடம் வந்த ஒரு தங்கச்சி முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறா. "வயதானவர்களைப் பிள்ளைகள்தான் வீட்டில் பராமரிக்கவேண்டும்" என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு வந்தா. பெற்றோரின் தியாகம், எங்கள் பண்பாடு, நன்றிக்கடன். ஒவ்வொரு வரியும் அவவின் மனதிலிருந்து வந்ததுதான். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. "அண்ணா, எனக்கு இங்கிலீஷ் காணாது" என்றா. நான் இங்கிலீஷை விட்டுவிட்டு, "அம்மாவை இல்லத்தில விட்ட ஒரு மகள் உங்களோட கதைச்சால் என்ன சொல்லுவா?" என்று கேட்டேன். தமிழில் நிறுத்தாமல் சொன்னா. படுக்கையில் கிடக்கிற ஒருவரைத் தூக்கி எழுப்ப இரண்டு பேர் வேண்டும், வீட்டில் மகள் தனிய. இரவில் எழும்பி நடக்கிற மறதி நோயாளியைப் பார்க்க, விடியவிடிய ஒராள் முழித்திருக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டு வாடகை இல்லை. எல்லாம் அவ ஒவ்வொரு இரவும் கண்ணால் பார்ப்பவை. "உங்கள் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் தருக" என்று வினாத்தாளே கேட்கிறது. அவவின் ஆங்கிலம் அதற்குத் தாராளமாகப் போதும். இரண்டாம் முறை எழுதிய கட்டுரையில், வீட்டுக்கு வந்து உதவுகிற பராமரிப்பாளரை அரசாங்கம் போதிய மணித்தியாலத்துக்குத் தந்தால்தான் பிள்ளைகளிடம் அந்தக் கடமையைக் கேட்கலாம் என்று வந்தது.

சங்கம் ஊரில் கட்டடத்துக்கும் கணினி அறைக்கும் காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறது. அதோடு வருடாவருடம் ஓ.எல். மாணவருக்கு ஒரு விவாதக் கட்டுரைப் போட்டியையும் நடத்தவேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்கிறேன். கட்டுரையோடு இரண்டு பக்கமாகப் பிரித்த திட்டத் தாளையும் பிள்ளைகள் தரவேண்டும், இடப்பக்கத்துக்குத் தனிப் புள்ளி இருக்கவேண்டும். சேர் இன்றில்லை. பரிசை அவர் பெயரில் வைப்பதற்கு அவருடைய குடும்பத்தாரின் சம்மதத்தைச் செயலாளர் கேட்கவேண்டும். முதல் வருடப் பரிசுத் தொகையை நான் தருகிறேன், எங்கள் வகுப்பு நண்பர்கள் அடுத்த வருடங்களை ஏற்றுக்கொண்டால் தொடர்ந்து நடத்தலாம். தலைப்புகளை மட்டும் இங்கிருந்து நாங்கள் அனுப்பக்கூடாது. இப்போது அங்கே படிப்பிக்கிற தமிழாசிரியர்களே அவற்றைத் தெரிவுசெய்யட்டும்.