கையெழுத்துப் போட்ட பிறகு

மார்ச் 8, 2024, வெள்ளி

மாலையில் கயலின் அழைப்பு. குரலிலேயே பதற்றம். பிப்ரவரி 24 அன்று அவள் வாங்கிய பழைய கார் விஷயமாக டீலரிடமிருந்து பேசியிருக்கிறார்கள். கடன் ஒப்புதல் கிடைக்கவில்லையாம். உடனே வந்து வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். வட்டி 7.9 சதவீதத்திலிருந்து 11.4 சதவீதமாகிறது. மாதத் தவணை 412 டாலர் என்பது 453 ஆகிறது. சரி, மாற்றாகக் கொடுத்த என் முந்தைய காரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அது விற்றுப் போய்விட்டது என்று பதில்.

அண்ணனும் அழைப்பில் இருந்தார். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இனி என்ன வழக்குப் பேசுவது? போய் அவர்கள் சொல்கிற இடத்தில் போட்டுவிட்டு வரட்டும்" என்றார். அவருக்கு மகள் நிம்மதியாக வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் கயல் மட்டுமா கையெழுத்துப் போட்டாள்? டீலரும்தானே போட்டிருக்கிறார். அவள் கையெழுத்து அவளைக் கட்டும் என்றால் அவர் கையெழுத்து அவரைக் கட்டாதா?

எதிலும் கையெழுத்துப் போடாதே, காரில் உன் பொருள் எதையும் வைக்காதே, ஒப்பந்தத்தை முழுதாகப் படமெடுத்து அனுப்பு என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மார்ச் 9, சனி

படத்தில் எழுத்து தெரியவில்லை. கயலே நேரில் கொண்டுவந்துவிட்டாள். மேசையில் விரித்தால் விளிம்பைத் தாண்டித் தொங்குகிற ஒரே நீளத்தாள். இவ்வளவு நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் தவணைக்கு விற்கும் கார் ஒப்பந்தத்தின் எல்லா நிபந்தனைகளும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும் என்பது ரீஸ்-லெவரிங் சட்டம். வாங்குபவரிடம் காட்டாத இன்னொரு தாள் பிறகு முளைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி எழுதினார்கள்.

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். தேடியது அங்கே இருந்தது. டீலர் இந்த ஒப்பந்தத்தை நிதி நிறுவனம் எதற்கும் விற்று மாற்றிக் கொடுக்க முடியாமல் போனால் ரத்து செய்யலாம். அப்படி ரத்து செய்வதாக இருந்தால் ஒப்பந்தத் தேதியிலிருந்து பத்து நாட்களுக்குள் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பணத்தையும் மாற்றாகக் கொடுத்த காரையும் திருப்ப வேண்டும். பத்து நாள் மார்ச் 5 அன்று முடிந்துவிட்டது. அவர்கள் கூப்பிட்டது எட்டாம் தேதி.

கயலிடம் அந்த வரிகளை விரலால் தொட்டுக் காட்டினேன். "அப்படியானால் இந்தக் கார் என்னுடையதுதானா அத்தை?" என்றாள். ஆமாம், 7.9 சதவீதத்தில் உன்னுடையது என்றேன். நிதி நிறுவனம் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கடன் கொடுத்தவராக டீலரே இருந்துவிட்டுப் போகட்டும். தாளில் கடன் கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது.

இந்தத் தந்திரத்துக்கு அமெரிக்காவில் யோயோ விற்பனை என்றே பெயர் உண்டு. கடன் உறுதியாகும் முன்பே சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவது, அக்கம்பக்கத்தார் எல்லாரும் காரைப் பார்த்த பிறகு திரும்பக் கூப்பிடுவது. வாங்கியவருக்கு அதற்குள் பழைய காரும் இருக்காது, மனத்தில் உறுதியும் இருக்காது. அதை அறிந்தே செய்கிறார்கள். சம்பளத்தை எண்ணி வாழ்பவர்களிடமும் முதல் கார் வாங்கும் பிள்ளைகளிடமும் இது அதிகம் பலிக்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே அழைத்து, "மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாமே, சட்டம் இருக்கிறதே" என்றார். படித்தவர்கள்கூட நம்பும் விஷயம் இது. மூன்று நாளில் ரத்து செய்யும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைய விதி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்த 1972-ல் வந்தது. ஷோரூமுக்கு நாமே போய் வாங்கும் காருக்கு அது பொருந்தாது. கயலின் ஒப்பந்தத்திலேயே, கையெழுத்துக்கு அருகில், கார் விற்பனைக்கு அப்படி ஒரு அவகாசம் கிடையாது என்று கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறது.

2006 ஜூலை முதல் கலிபோர்னியாவில் ஒரு சிறு வழி உண்டு. 40,000 டாலருக்குக் குறைவான பழைய கார் என்றால், இரண்டு நாளில் ரத்து செய்யும் உரிமையைத் தனிக் கட்டணத்துக்கு விற்க டீலர் முன்வர வேண்டும். கயலின் தாளில் அது 'வேண்டாம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதாக அவளுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனவே மனம் மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கயலுக்கு அது தேவையும் இல்லை. ஒப்பந்தத்தை உடைக்கப் பார்ப்பவர் டீலர். காப்பாற்றச் சொல்பவள் அவள்.

மார்ச் 11, திங்கள்

புதிய ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டாள். நேரில் வா என்றார்கள். விடாமல் கேட்டதில் முதல் பக்கம் மட்டும் வந்தது. அதில் தேதி பிப்ரவரி 24!

இன்றைக்குக் கையெழுத்திடச் சொல்லும் தாளில் அன்றைய தேதி எதற்கு? அன்றிலிருந்தே 11.4 சதவீத வட்டி ஓட வேண்டும் என்பதற்காக. 2010-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இதே போன்ற வழக்கு ஒன்று வந்தது. இரண்டாம் ஒப்பந்தத்துக்கு முதல் ஒப்பந்தத்தின் தேதியை இட்டு, இடைப்பட்ட நாட்களுக்கும் வட்டி வாங்கியது சட்டத்தை மீறிய செயல் என்று தீர்ப்பானது. அந்த ஒற்றைப் பக்கத்தை மூன்று இடங்களில் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்துக்கு முன் கொடுக்கும் விவரத் தாளில், கூடுதல் சேவைகளுடன் மாதம் 412, அவை இல்லாமல் 354 என்று இருக்கிறது. நீட்டித்த பழுதுநீக்கத் திட்டம் 2,400 டாலர், கடன் இடைவெளிக் காப்பு, அதாவது கார் அழிந்துபோனால் காப்பீடு தருவதற்கும் மீதிக் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டும் திட்டம், 900 டாலர். இரண்டையும் தவணையில் சேர்த்தால் 72 மாதத்தில் 4,100 டாலருக்கு மேல் போகும். கயலுக்கு இவை சேர்ந்திருப்பதே இன்றுதான் தெரியும். விற்பனையாளர் அவளிடம் பேசியதெல்லாம் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது ஒன்றைத்தான். விலையைப் பேசாமல் தவணையைப் பேசினால் நடுவில் எதையும் செருகலாம்.

பேரம் ஸ்பானிஷ், சீனம், தகலாக், வியட்நாமியம், கொரியன் ஆகிய மொழிகளில் நடந்தால் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பைக் கையெழுத்துக்கு முன் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மவர்கள் பெற்றோரை அழைத்துக்கொண்டு கார் வாங்கப் போகும்போது இது நினைவில் இருக்கட்டும்.

மார்ச் 13, புதன்

கடிதம் அனுப்பியாயிற்று. நுகர்வோர் சட்டத் தீர்வுகள் சட்டம் 1970-ல் வந்தது; அதன்படி இழப்பீடு கேட்டு வழக்குப் போடுமுன் 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலாக இருக்க வேண்டும். கயல் எழுதியதில் கோபம் நிறைய இருந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டுத் தேதிகளை மட்டும் வைத்தோம். எப்போது கையெழுத்து, எப்போது தொலைபேசி, என்ன வட்டி, முன்தேதியிட்ட தாள், கேட்காமல் சேர்த்த இரண்டு திட்டங்கள். முதல் ஒப்பந்தப்படி நடக்க வேண்டும், கூடுதல் திட்டங்களை நீக்க வேண்டும். ஒரே பக்கம்.

அதோடு மாநில மோட்டார் வாகனத் துறையின் விசாரணைப் பிரிவுக்குப் புகாரும் போனது. டீலரின் உரிமம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 16, சனி

"வழக்கு என்று போனால் நீதிமன்றமே கிடையாதாமே" என்று அண்ணன் கேட்டார். அந்தப் பிரிவைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. நடுவர் மன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று பின்பக்கத்தில் இருப்பது உண்மை. கார் ஒப்பந்தத்தில் உள்ள இத்தகைய பிரிவு செல்லும் என்று 2015-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை அதே பிரிவு விட்டுவைத்திருக்கிறது. தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கேட்கலாம். இதில் எனக்குப் பொறுக்காதது வேறு. தவணை தவறினால் நடுவர் யாரையும் கேட்காமல் காரை இழுத்துக்கொண்டு போகும் உரிமையை டீலர் தரப்பு வைத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு நடுவர், அவர்களுக்கு இழுவை வண்டி. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும் அது நியாயமாக எனக்குப் படவில்லை.

முதல் தவணை ஏப்ரல் 9. எந்தக் கணக்கில் கட்டுவது என்றே யாரும் சொல்லவில்லை. அதற்காகக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது. தவறியது நீதான் என்று சொல்ல அவர்களுக்கு அது ஒன்று போதும். டீலர் பெயருக்கே காசோலை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

பதில் வந்தது. விற்பனையாளரிடமிருந்து அல்ல, பொது மேலாளரிடமிருந்து. 'தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பம்' என்கிறார். முதல் ஒப்பந்தமே தொடருமாம். 412, 7.9. ஒரு கடன் சங்கம் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டதாம். இரண்டு வாரத்துக்கு முன் உலகத்தில் யாருமே கடன் தர மாட்டார்கள் என்று சொன்ன இடம் இது.

இனி கடன் அந்தச் சங்கத்திடம் இருந்தாலும் கயலின் வாதங்கள் கரைந்துவிடாது. டீலர் மேல் அவளுக்கு என்ன கோரிக்கை உண்டோ அது ஒப்பந்தத்தை வாங்கியவர் மேலும் செல்லும், அவள் கட்டிய தொகை வரை. 1976-ல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி அது. தாளிலும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

கூடுதல் திட்டங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. மறுபடி எழுதினோம்.

ஏப்ரல் 12, வெள்ளி

இரண்டு திட்டங்களும் ரத்து. 3,300 டாலர் திரும்பியிருக்கிறது, கயலின் கைக்கு அல்ல, கடன் கணக்குக்கு. தவணையும் குறையாது. அசல் குறைந்து கடன் சீக்கிரம் முடியும். அவளுக்கு இதில் சற்று ஏமாற்றம். கணக்குப் போட்டுக் காட்டியதும் சமாதானமானாள்.

டீலர் ஒரு சமரசத் தாளும் அனுப்பியிருந்தார். மோட்டார் வாகனத் துறையில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதில் ஒரு வரி. அண்ணன், "போனால் போகிறது, கையெழுத்துப் போட்டு முடித்துவிடு" என்றார். கயல் சம்மதிக்கவில்லை. "என் பணம் வந்துவிட்டது அப்பா. அடுத்து அங்கே போகிற பெண்ணுக்கு அத்தை இருக்க மாட்டார்களே" என்று சொல்லி, தாளைக் கையெழுத்திடாமலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். விசாரணை அதிகாரி முன்தேதியிட்ட பக்கத்தின் நகலைக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை அனுப்புகிறாள்.